பிஸ்கட் டப்பாவில் 23 கற்கள்: பழைய சுரங்கக் கல்லை அறிகுறி பார்த்து அடையாளம் காண்பது

போன ஆடி மாதம், மழை ஒரு மணி நேரம் விட்ட இடைவெளியில், பந்தலூரிலிருந்து ஒரு அக்கா தகர பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மூடியைத் திறக்கவே ஸ்பூனால் நெம்ப வேண்டியிருந்தது. உள்ளே பழைய தினசரியில் சுற்றிய 23 கற்கள். பெரியது நெல்லிக்காய் அளவு, சிறியது மிளகு அளவு. "தம்பி, தாத்தா சாகுற வரைக்கும் இதைத் தலைமாட்டுல வெச்சிருந்தார். தேவாலா சுரங்கத்துக் கல்லுன்னு சொல்லுவார். இதுல தங்கம் இருக்கா, இல்ல தூக்கிப் போட்டுடட்டுமா?"

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஜியாலஜி படித்துவிட்டுப் பள்ளிக்கூட லேபில் வேலை பார்ப்பவனிடம் இந்தக் கேள்வி வருடத்துக்கு நாலு முறையாவது வரும். காரணம் ஊருக்கே தெரியும். 1880 வாக்கில் இந்த மலையில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து வந்த சுரங்க நிபுணர் பிரஃப் ஸ்மித்தின் அறிக்கை அந்த ஆசைக்கு நெய் ஊற்றியது. தேவாலா, பந்தலூர் சுற்றிலும் மலையைக் குடைந்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் எல்லாம் படுத்துவிட்டது. தங்கம் இல்லாமல் இல்லை, ஒரு டன் கல்லை இடித்தால் கிடைத்த அளவு கூலிக்கே கட்டவில்லை. மிச்சமானவை குழிகள், குவார்ட்ஸ் (வெங்கச்சங்கல்) குவியல்கள், இப்படித் தலைமாட்டு டப்பாக்கள்.

முதலிலேயே ஒன்று. இது ஏற்கெனவே கையில் இருக்கும் கல்லுக்கான வழிமுறை. புதிதாகக் கல் எடுக்கப் பழைய குழிக்குள் இறங்காதீர்கள். மண் சரிந்தும் மூச்சு முட்டியும் அந்தக் குழிகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். பல குழிகள் வனத்துறை நிலத்தில் இருப்பதால் வழக்கும் வரும், யானையும் வரும்.

ஆரம்பிக்கும் முன்

கல்லை அடையாளம் காண்பதில் எல்லாரும் செய்யும் தப்பு நிறத்தில் தொடங்குவது. மஞ்சளா, தங்கம். சிவப்பா, மாணிக்கம். பச்சையா, மரகதம். நிறத்தைப் போலப் பொய் சொல்லும் சாட்சி வேறு கிடையாது. நம் தட்டார்களுக்கு இது பரம்பரையாகவே தெரியும். நகையின் மினுமினுப்பைப் பார்த்து அவர்கள் விலை சொல்வதில்லை, உரைகல்லில் இழுத்துப் பார்த்துத்தான் மாற்று சொல்வார்கள். கனிமத்துக்கும் அதே முறைதான். எங்கே கிடைத்தது, எவ்வளவு கனம், காந்தம் என்ன சொல்கிறது, எப்படி உடைந்திருக்கிறது, உரைத்தால் என்ன கோடு விழுகிறது, கடைசியில் நிறம்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். வாட்ச் கடைக்காரர் கண்ணில் மாட்டுவது போன்ற 10 மடங்கு லென்ஸ், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், தையல் ஊசி, பேனாக்கத்தி, உடைந்த கண்ணாடித் துண்டு, எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கிய கனமான செம்புக் கம்பி, பளபளப்புப் பூசாத ஒரு பீங்கான் சில்லு (பீங்கான் டைல்ஸின் முதுகுப் பக்கம் போதும்), வினிகர், நகைக்கடையில் வைத்திருப்பது போல 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. லென்ஸைக் கல்லின் பக்கத்தில் வைத்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்காதீர்கள். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கல்லை லென்ஸ் பக்கம் கொண்டுவாருங்கள். பலர் லென்ஸ் வாங்கியும் ஒன்றும் தெரியவில்லை என்பது இதனால்தான்.

சின்னக் கல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. மிளகு அளவுப் படிகத்தைக் கத்தியால் கீறிப் பார்த்தால் சோதனை முடியும்போது கல்லும் முடிந்துவிடும். அதனால் டப்பாவின் அடியில் தங்கியிருக்கும் தூளையும் சில்லுகளையும் கொட்டிவிடாதீர்கள். அதுதான் உங்கள் சோதனைச் சரக்கு. படிகத்தின் முகத்தைத் தொடாமல், அதே கல்லிலிருந்து உதிர்ந்த பொடிச் சில்லில் ஊசியும் உரைப்பும் செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒவ்வொரு கல்லையும் அது சுற்றியிருந்த தாளோடு சேர்த்துப் படம் எடுத்து எண் போடுங்கள். அக்கா கொண்டுவந்ததில் ஆறு தாள்களில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. கல்லைத் தனியாக, தாளைத் தனியாக வைத்திருந்தால் அந்த எழுத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது.

அறிகுறி: மஞ்சளாகப் பளபளக்கிறது

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வருவது இதற்குத்தான். அதனால் நிதானமாகப் போவோம்.

கல்லை வெயிலில் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். பளபளப்பு மின்னி அணைகிறதா? ஒரு கோணத்தில் பளிச்சென்று தெரிந்து அடுத்த கோணத்தில் கருப்பாகிவிட்டால் அது தங்கம் இல்லை. அது தட்டையான ஏதோ ஒரு முகத்தில் வெளிச்சம் பட்டுத் திரும்புவது. தங்கம் அப்படி மின்னாது. நிழலுக்குக் கொண்டுபோனாலும் அதே மங்கலான வெண்ணெய் மஞ்சளாகவே இருக்கும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிக் கற்கள் கழிந்துவிடும்.

மின்னி அணைகிற ரகத்தில் முதல் ஆள் மைக்கா. தமிழில் இதற்குக் காக்காப்பொன் என்று பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். கருப்பு மைக்கா மழையிலும் மண்ணிலும் கிடந்து இற்றுப்போனால் இரும்பு துருப்பிடித்துப் பொன் நிறமாகிவிடும். ஓடை மணலில் மினுக்குவதெல்லாம் பெரும்பாலும் அதுதான். ஊசி முனையால் ஓரத்தை நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். தட்டில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றினால் மணலோடு தங்காமல் மிதந்து ஓடிவிடும். இந்தப் பக்கத்துப் பணியரும் குறும்பரும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே மரத்தட்டில் மண் அலசித் தங்கம் எடுத்தவர்கள். அவர்களை இது ஏமாற்றியிருக்க வாய்ப்பில்லை.

ஏடாகப் பிரியவில்லை, கட்டியாகக் கனக்கிறது என்றால் பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் பகடைக் காய் போலச் சதுரம் தெரியும். அந்தச் சதுர முகத்தில் சீப்பு இழுத்தது போல மெல்லிய இணைகோடுகள் ஓடும். பக்கத்து முகத்துக் கோடு இதற்குச் செங்குத்தாக ஓடும். இது தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம். சதுரம் உடைந்துபோயிருந்தால் ஒரு பொடிச் சில்லை ஊசியால் அழுத்துங்கள். பைரைட் படக்கென்று நொறுங்கித் தெறிக்கும், அதனால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தங்கம் நொறுங்காது. ஊசி இறங்கிப் பள்ளம் விழும், மெழுகில் நகம் பதிந்தது போல. பீங்கானில் உரைத்தால் பைரைட் பச்சை கலந்த கருப்புக் கோடு விடும், தங்கம் தங்கக் கோடே விடும்.

மூன்றாவது ஆள் சால்கோபைரைட். இதில் செம்பும் உண்டு. பைரைட்டை விட அடர்ந்த மஞ்சள், அங்கங்கே மயில் கழுத்து நிறத்தில் ஊதாவும் நீலமும் படர்ந்திருக்கும். பைரைட்டில் பேனாக்கத்தி கீறாது, இதில் சுலபமாகக் கீறும். கோடு இரண்டுக்கும் கருப்பு என்பதால் உரைத்துப் பார்த்துப் பிரிக்க முடியாது, கீறித்தான் பிரிக்க வேண்டும்.

அக்காவின் ஏழாம் எண் கல் இப்படித்தான் இழுத்தடித்தது. முகம் ஒன்றுமில்லை, உருண்டு தேய்ந்திருந்தது. சில்லும் உதிரவில்லை. அதனால் எடை பார்த்தேன். காய்ந்த கல் 6.85 கிராம். பிறகு ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி எண்ணைச் சுழியாக்கினேன். கல்லைத் தையல் நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் இடிக்காதபடி தண்ணீரில் தொங்கவிட்டேன். நூலைக் கையில் பிடித்தால் நடுங்கும் என்பதால் மேலே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதில் சுற்றினேன். தராசு 1.37 காட்டியது. கல் விலக்கிய தண்ணீரின் எடை அது. 6.85 ஐ 1.37 ஆல் வகுத்தால் 5.0. தண்ணீரைப் போல ஐந்து மடங்கு கனம். பைரைட் சரியாக அங்கேதான் இருக்கிறது. சால்கோபைரைட் 4.2 பக்கம் வரும். சுத்தத் தங்கம் 19.3, இயற்கையில் வெள்ளி கலந்து கிடைக்கும்போது கொஞ்சம் குறையும், ஆனாலும் ஐந்தோடு குழப்பிக்கொள்ளவே முடியாது. கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழிகளைப் பிரஷ்ஷால் தட்டிவிட மறக்காதீர்கள், குமிழி எண்ணைக் கெடுத்துவிடும். ஒரு கிராமுக்குக் குறைந்த கல்லுக்கு இந்த முறை வேண்டாம். தராசின் தடுமாற்றமே விடையை விழுங்கிவிடும்.

சரி, தங்கம் இருந்ததா? இருந்தது. 22 ஆம் எண், துருவேறிய குவார்ட்ஸ் துண்டு. அதில் ஒரு சதுரப் பொந்து. முன்பு அங்கே பைரைட் உட்கார்ந்து, இற்று, கரைந்துபோயிருக்கிறது. அந்தப் பொந்தின் ஓரத்தில் கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் ஒரு பொட்டு. நிழலிலும் மஞ்சள், திருப்பினாலும் மஞ்சள், ஊசி வைத்தால் குழி. அக்காவை லென்ஸில் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு மலையைக் குடைஞ்சானுங்க" என்றார்.

அறிகுறி: டப்பாவில் புளிப்பு வாடை, கல்லின் மேல் வெள்ளைப் பொடி, தாள் அரித்திருக்கிறது

இது கல்லின் பெயர்ச் சிக்கல் இல்லை, கல்லுக்கு வந்த நோய். மற்றச் சோதனையை எல்லாம் நிறுத்திவிட்டு இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பக்கத்துக் கல்லும் லேபிளும் பறிபோகும்.

சில பைரைட்டுகள், முக்கியமாகப் பொடிப் படிகங்கள் நெருக்கியடித்து உண்டானவை, ஈரக்காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து உடையும். உடையும்போது இரும்பு சல்ஃபேட்டும் கந்தக அமிலமும் பிறக்கும். வெள்ளையாகவும் இளமஞ்சளாகவும் பூத்திருப்பது அந்த சல்ஃபேட். தாளைத் தின்றது அந்த அமிலம். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் வேகம் பிடிக்கும். தேவாலா மழையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆடியில் உப்பு ஜாடியே தண்ணீராகும் ஊர் இது.

நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், லேப் அலமாரியில் வெள்ளை பூத்திருந்த ஒரு பைரைட் கட்டியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, ஜன்னலோரம் காயவைத்து, பழைய அட்டைப் பெட்டியிலேயே திருப்பி வைத்தேன். அடுத்த மழைக்காலம் முடிந்து திறந்தபோது கட்டி இல்லை, சாம்பல் நிறத் தூள் இருந்தது. அட்டையின் அடி ஓட்டை. யார் எப்போது எங்கே எடுத்தது என்று எழுதியிருந்த துண்டுச் சீட்டையும் அமிலம் தின்றுவிட்டது.

ஆகவே, தண்ணீர் கூடாது. பல் தேய்க்கும் பழைய பிரஷ்ஷால் காய்ந்தபடியே பொடியைத் தட்டுங்கள், தூளை மூக்கில் ஏற்றாதீர்கள். அந்தக் கல்லை மற்றவற்றிலிருந்து பிரித்து, இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலம் எப்போதோ ஈரம் குடித்து முடித்திருக்கும், நிறம் மாறும் வகை ஜெல்லாகப் பார்த்து வாங்குங்கள். தாளில் எழுதியிருப்பதை அன்றைக்கே இன்னொரு தாளில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். மூலத்தாளைத் தனிக் கவரில் வையுங்கள்.

வாடை இல்லாமல் வெறும் வெள்ளைப் படலம் மட்டும் இருந்து, ஈரத்துணியில் வந்துவிட்டால் அது பெரும்பாலும் மண்தான். பயப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: கருப்பு, கனம், என்னவென்றே தெரியவில்லை

கல்லைக் காந்தத்திடம் கொண்டுபோகாதீர்கள், காந்தத்தை நூலில் தொங்கவிட்டுக் கல்லிடம் கொண்டுவாருங்கள். கையில் பிடித்தால் தெரியாத லேசான இழுப்புகூட நூலில் தெரியும்.

டப்பென்று ஒட்டினால் மேக்னடைட், கோடும் கருப்பு. லேசாகச் சாய்ந்து வந்தால் இல்மனைட்டாக இருக்கலாம். நிறம் கருப்பு இல்லை, பித்தளைத் தவலை மங்கினது போல ஒரு பழுப்புப் பொன் நிறம், ஆனாலும் காந்தம் இழுக்கிறது என்றால் பிர்ரோடைட். தங்கம் வரும் குவார்ட்ஸ் நாளங்களில், அதாவது பாறைக்குள் ஓடும் குவார்ட்ஸ் பட்டைகளில், பைரைட்டின் பக்கத்து வீட்டுக்காரர் இவர். காந்தம் அசையவே இல்லை, கோடு மட்டும் செங்காவிக் கல் உரைத்தது போல விழுகிறதா? ஹெமடைட். அது எவ்வளவு கருப்பாக இருந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

காந்தமும் இல்லை, கோடும் இல்லை, கனமும் அவ்வளவாக இல்லை என்றால் பாறையைக் கட்டிய கருப்புக் கனிமங்களில் ஒன்று. இங்கேதான் நான் ஒரு தடவை அசடு வழிந்தேன். ஒருவர் கொண்டுவந்த நீளக் கருப்புக் குச்சியைப் பார்த்த மாத்திரத்தில் ஹார்ன்பிளெண்ட் என்றேன். இந்தப் பகுதியின் நைஸ் பாறையில், அதாவது வரிவரியாகத் தெரியும் பாறையில், அது ஏராளம். ஒரு வாரம் கழித்து அவர் பையன் அதே கல்லின் உடைந்த முனையைக் காட்டி, "சார், இது முக்கோணமா இருக்கே" என்றான். பக்கவாட்டில் புடைத்த முக்கோணக் குறுக்குவெட்டு, நீளவாக்கில் கோடுகள், உடைந்த இடம் கண்ணாடிச் சில்லு போலக் கரடுமுரடு. டூர்மலின். ஹார்ன்பிளெண்ட் அப்படி உடையாது. அது படிப்படியாக, இரண்டு திசையில், 56, 124 டிகிரி சாய்ந்த கோணங்களில் பிளக்கும். ஏறக்குறைய செங்கோணத்தில் பிளந்தால் பைராக்சின். குச்சியின் பக்கத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக் கூடாது, முனையைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கட்டியாக, எண்ணெய் தடவியது போலக் கருநிறத்தில், உள்ளே இருக்கும் குவார்ட்ஸே நீலம் பாய்ந்து தெரிந்தால் அது தனிக் கனிமம் இல்லை, சார்னகைட் பாறை. நீலகிரியின் மேல்மலையும் பழனி மலையும் பெரும்பாலும் இதுதான். வீட்டு அஸ்திவாரத்திலும் ரோட்டு ஜல்லியிலும் கருங்கல் என்று போடுவதும் இதையே. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் இந்தப் பாறையில் செய்தது என்பதால், ஜியாலஜிக்காரர் ஹாலண்ட் 1893 இல் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். சமாதிக்குக் கல் நம் தமிழ்நாட்டில் எடுத்தது, பெயர் மட்டும் வங்காளத்தில் கிடைத்தது. இதில் மேக்னடைட் துகள் உண்டு, அதனால் காந்தம் லேசாக இழுத்தால் குழம்ப வேண்டாம்.

அறிகுறி: சிவப்பு மணி

கார்னெட். இங்கே இதற்கு மேல் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கருஞ்சிவப்பு, பந்து போலப் பல முகம், பிளவுத்தளம் (தட்டையாகப் பிளக்கும் திசை) கிடையாது, கண்ணாடியைக் கீறும், நாலு மடங்கு கனம். மாணிக்கம் என்று சொல்லி யாராவது கேட்டால், சுரங்கக் குவியலில் மாணிக்கம் கிடந்திருந்தால் அது உங்கள் கைக்கு வரும் வரை கிடந்திருக்காது என்று சொல்லுங்கள். துருவேறிய குவார்ட்ஸும் சிவப்பாக இருக்கும். அதற்குப் பந்து வடிவம் இருக்காது, கனமும் 2.65 தான்.

அறிகுறி: வெள்ளை அல்லது நிறமே இல்லை

கண்ணாடியைக் கீறுகிறதா பாருங்கள். கீறிவிட்டது, உடைந்த இடம் சோடா பாட்டில் உடைந்தது போல வளைந்திருக்கிறது என்றால் குவார்ட்ஸ், அதாவது நம் வெங்கச்சங்கல். கீறுகிறது, ஆனால் செங்கோணத்தில் படிக்கட்டாகப் பிளந்திருக்கிறது என்றால் ஃபெல்ட்ஸ்பார். செம்புக் கம்பியிலேயே கீறல் விழுந்து, பொடியில் வினிகர் விட்டால் நுரை கிளம்பினால் கால்சைட். கட்டியில் வினிகர் விட்டுவிட்டு நுரைக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வினிகர் மென்மையான அமிலம், பொடி பண்ணினால்தான் வேலை செய்யும். கழிப்பறை அமிலத்தை எடுத்து ஊற்றாதீர்கள், கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துக் கனிமத்தையும் தின்றுவிடும்.

குவார்ட்ஸ் போலவே தெரிகிறது, ஆனால் எடைச் சோதனையில் 3 க்கு மேல் வருகிறது என்றால் உள்ளே ஏதோ கனமானது ஒளிந்திருக்கிறது. அந்தக் கல்லைப் பத்திரப்படுத்துங்கள்.

அறிகுறி: துரு, துளை, கையில் ஒட்டும் மஞ்சள்

பார்க்க அசிங்கமான இந்தக் கல்தான் பழைய சுரங்க டப்பாவிலேயே அதிகக் கதை சொல்லும். கந்தகக் கனிமம் இற்றுப்போய் இரும்புத் துரு மட்டும் மிஞ்சியது இது. கோடு மஞ்சள் கலந்த பழுப்பு. லென்ஸில் பொந்துகளின் வடிவத்தைப் பாருங்கள். சதுரப் பொந்தென்றால் முன்பு இருந்தது பைரைட். சில சமயம் பொந்து இல்லாமல் சதுரக் கட்டியே முழுக்கத் துருவாக மாறி நிற்கும். உருவம் பைரைட், உடம்பு துரு. உடைத்தால் நடுவில் மினுமினுக்கும் பைரைட் மிச்சம் இருக்கலாம், ஆனால் உடைக்க வேண்டாம்.

பலர் இதைத்தான் துரு நீக்கும் அமிலத்தில் போட்டு வெள்ளையாக்குகிறார்கள். அக்காவின் 22 ஆம் எண்ணை அப்படிச் செய்திருந்தால் பொந்தின் ஓரத்தில் இருந்த பொட்டு துருவோடு கழன்று சாக்கடைக்குப் போயிருக்கும்.

வெட்டுக்கல்லையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெட்டுக்கல், அதாவது செம்புரைக்கல், மழையில் கரைந்து மிஞ்சிய மண்பாறை. அதன் துளைகள் புழு துளைத்தது போல வளைந்து போகும். சதுரம் தெரியாது.

அறிகுறி: பச்சைப் பூச்சு

முதலில் ஈரப் பஞ்சால் தேயுங்கள். சிரிக்காதீர்கள், மூன்றில் ஒன்று பாசி. பஞ்சில் வரவில்லை, பொடியில் வினிகர் விட்டால் நுரைக்கிறது என்றால் மலக்கைட் என்ற செம்புக் கனிமம், பக்கத்தில் சால்கோபைரைட் இருக்கிறதா தேடுங்கள். நகத்தில் வழுக்கும் கரும்பச்சை ஏடு குளோரைட், அது வளையும், மைக்கா போலத் துள்ளித் திரும்பாது. பிஸ்தாப் பச்சை, கடினம் என்றால் எபிடோட்.

அறிகுறி: வெள்ளி நிறம்

இங்கே கொஞ்சம் ஜாக்கிரதை. மூன்று ஆட்கள், அதில் இருவர் விஷம் கக்குவார்கள்.

உள்ளங்கையில் வைத்தாலே கை இறங்குகிறது, சின்னச் சதுரப் படிகளாகப் பிளந்திருக்கிறது, கத்தியில் மெத்தென்று கீறுகிறது என்றால் கலேனா. ஈயக் கனிமம், 7.5 மடங்கு கனம். தொட்ட பிறகு கை கழுவினால் போதும்.

கத்தி கீறவில்லை, எஃகு நிறம், குறுக்குவெட்டு ஆப்பு வடிவம், இரும்பில் இடித்தால் பூண்டு வாடை வருகிறதா? ஆர்சனோபைரைட். அந்த வாடை ஆர்சனிக்கின் வாடை. வாடைக்காக வேண்டுமென்றே இடித்துப் பார்க்காதீர்கள், அடுப்பில் காட்டவே காட்டாதீர்கள். எடை 6 மடங்கு பக்கம் வந்தாலே அடையாளம் கிடைத்துவிடும்.

மூன்றாவதுதான் ஏமாற்றுக்காரன். மெத்தென்று இருக்கிறது, ஊசி குத்தினால் குழி விழுகிறது, அடியில் மஞ்சள் தெரிகிறது, மேலே வெள்ளி பூசியது போல இருக்கிறது. தங்கத்தின் மேல் பாதரசம் ஏறியது இது. அந்தக் காலத்து ஆலைகளில் குவார்ட்ஸை இடித்துத் தூளாக்கி, பாதரசம் தடவிய செம்புத் தகட்டின் மேல் ஓடவிட்டுத் தங்கத்தைப் பிடிப்பார்கள். ஆலை நின்ற இடத்து மண்ணில் இது தங்கியிருக்கக் கூடும். சூடு காட்டிப் பாதரசத்தை ஓட்டித் தங்கத்தை எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஆவி நரம்பைத் தின்னும். வீட்டுக்குள் செய்தால் குழந்தைகளையும் சேர்த்து. மூடிய கண்ணாடிக் குப்பியில் போட்டு, மேலே எழுதி வையுங்கள்.

அறிகுறி: குமிழ் குமிழாக இருக்கிறது, கண்ணாடி போல மின்னுகிறது

கல்லே இல்லை. உலைக்கசடு. 14 ஆம் எண் இப்படித்தான் ஒரு மாலைப் பொழுதைத் தின்றது. கரும்பச்சைக் கண்ணாடி போன்ற உடம்பு, உள்ளே உருண்டைக் காற்றுப் பொந்து, ஒரு மூலையில் சொட்டு சொட்டாக உறைந்த இரும்பு. எரிமலைக் கண்ணாடி என்று ஒரு கணம் மனசு துள்ளியது. இங்கே எரிமலை ஏது? கொல்லன் பட்டறையோ ஆலையின் உலையோ விட்டுப்போனது. பித்தளைச் சீவல், பற்றவைத்த ஈயம், இடிக்கும் உலக்கையிலிருந்து உதிர்ந்த இரும்பு, இதெல்லாம் பழைய சுரங்கக் குவியலில் சகஜம்.

அறிகுறி: எந்தச் சோதனையும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை

இரண்டு காரணம் இருக்கும். ஒன்று, நீங்கள் சோதிப்பது ஒரு கனிமம் இல்லை, இரண்டு மூன்றின் கலவை. உரைத்தது ஒன்று, கீறியது வேறொன்று. லென்ஸ் வைத்து ஒவ்வொரு துகளாக மறுபடி தொடங்குங்கள்.

இன்னொன்று, கல் அந்தச் சுரங்கத்துடையதே இல்லை. அக்காவின் மூன்றாம் எண் விசிறி விசிறியாக விரிந்த பீச் நிறப் படிகம். ஸ்டில்பைட். அழகான கல். ஆனால் அது தக்காணத்து எரிமலைப் பாறையின் பொந்துகளில் வளர்வது. மகாராஷ்டிரத்துக் குவாரிகளில் எடுத்துச் சுற்றுலாத் தலங்களில் எல்லாம் விற்கிறார்கள். கூடலூர் நைஸில் அதற்கு வேலை இல்லை. கேட்டால், அக்காவுக்கே நினைவு வந்தது. அவர் பள்ளியில் படிக்கும்போது ஊட்டி டூரில் வாங்கி வந்து தாத்தாவிடம் கொடுத்ததாம். அவரும் டப்பாவில் சேர்த்துவிட்டார். ஊர் தெரிந்தால் பட்டியலில் பாதிப் பெயர் தானாக அடிபட்டுப் போகும் என்பது இதனால்தான்.

பழனி மலைக்காரர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கொடைக்கானல் மலையடிவாரத்தில் கெங்குவார்பட்டிப் பக்கத்துப் பாறையில் நீலத் துகள் கண்டு நீலக்கல் என்று மகிழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த இடம் உலக ஜியாலஜிக்காரர்களுக்குத் தெரிந்தது சாஃபிரினுக்காக. பெயரில்தான் நீலக்கல்லின் ஆங்கிலப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கனிமம் வேறு. அதே பாறையில் கார்டியரைட்டும் உண்டு. சில்லை வெளிச்சத்தில் திருப்பினால் ஊதா கலந்த நீலத்திலிருந்து வெளுத்த மஞ்சளுக்கு மாறினால் அது கார்டியரைட்.

இத்தனைக்குப் பிறகும் மிஞ்சுவதை லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஜியாலஜி துறை உள்ள கல்லூரி, பல்கலைக்கழகம் எதிலாவது எக்ஸ்ரே சோதனை செய்து தருவார்களா என்று கேளுங்கள். கல் முழுவதையும் கொடுக்க வேண்டாம். அரிசி அளவுச் சில்லு, கூடவே ஒரு சீட்டு: எண், கிடைத்த இடம், யார் சொன்னது, எடை, கனம் எத்தனை மடங்கு, காந்தம், கோடு. "இது தங்கமா?" என்று மட்டும் எழுதி அனுப்பினால் இல்லை என்று மட்டும் பதில் வரும்.

23 இல் 21 க்குப் பெயர் போட்டேன். ஒன்பதாம் எண்ணும் 19 ஆம் எண்ணும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. 19 சாம்பல் நிறம், 3.4 மடங்கு கனம், காந்தம் இல்லை, கோடு வெள்ளை, ஒரு பக்கம் கத்தி கீறுகிறது, குறுக்கே கீறினால் கத்தி வழுக்குகிறது. கயனைட் அப்படித்தான் நடந்துகொள்ளும், ஆனால் படிகம் சரியாகத் தெரியாததால் சீட்டில் கயனைட் என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அக்கா டப்பாவை வாங்கிப் போக வந்தபோது அந்தக் கேள்விக்குறியைக் காட்டி, "இது எப்ப அழியும்?" என்று கேட்டார். சில்லு போயிருக்கிறது அக்கா, வரட்டும் என்றேன்.